கேம் அறிவிப்புகளை நேரலைக் காணொளியில் பார்ப்பதைவிட எழுத்தில் படிப்பதே மேல்: என்னைப் போல் வேறு யாரேனும் உண்டா?

3 ஏப்ரல் 2025, காலை

கேம் அறிவிப்பு நிகழ்ச்சிகளைக் காணொளியாகப் பார்க்காமல், யாராவது நிமிடத்துக்கு நிமிடம் எழுதிப் போடும் வரிகளாகப் படிப்பதையே விரும்புகிறவன் நான் ஒருவன்தானா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். நேற்று ஸ்விட்ச் 2 என்ற புதிய கேம் கருவி (கன்சோல்) குறித்து நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'நிண்டெண்டோ டைரக்ட்' என்ற அறிவிப்புக் காணொளி ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடியது. பெரிதாக்கப்பட்ட திரை, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஜாய்கான் என்ற கைப்பிடி, அதையே மவுஸ் போல மேசைமேல் நகர்த்தி விளையாடும் முறை, ஜூன் 5 என்ற வெளியீட்டுத் தேதி என எல்லாம் வந்தன. விலை மட்டும் வரவில்லை. கன்சோலுக்கு 449.99 டாலர், அதற்கான மாரியோ கார்ட் வேர்ல்டு என்ற கார் பந்தய கேமுக்கு 79.99 டாலர் என்ற எண்கள் இரண்டும் காணொளிக்கு வெளியே, எழுத்தில்தான் வெளிவந்தன. ஒரு மணி நேரம் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தவர்களும் கடைசியில் படித்துத்தான் விலையைத் தெரிந்துகொண்டார்கள். நான் தொடக்கம் முதலே படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வேறுபாடு.

3 ஏப்ரல் 2025, மாலை

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஸ்விட்ச் 2இன் சில கேம்கள் 'கேம்-கீ கார்டு' என்ற வடிவில் வரப்போகின்றன. அந்த கார்டுக்குள் கேம் இருக்காது. அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள உதவும் சாவி மட்டுமே இருக்கும். கேம்களைப் பெட்டியோடு வாங்கிச் சேர்த்து வைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி நேற்று இல்லை. அதை நான் புரிந்துகொண்டது நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் படித்துத்தான். கைதட்ட வேண்டியவை காணொளிக்கும், முகம் சுளிக்க வேண்டியவை எழுத்துக்கும் ஒதுக்கப்படுகின்றன என்று ஒரு விதியே வகுத்துவிடலாம் போலிருக்கிறது.

4 ஏப்ரல் 2025

எழுத்து எப்போதும் பிந்தித்தான் வரும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். எழுதுபவர் பார்த்து, புரிந்து, தட்டச்சு செய்து அனுப்புவதற்குள் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகிவிடும்.

ஆனால் நேரலை என்று நாம் அழைப்பதன் யோக்கியதையையும் சற்றுப் பார்க்க வேண்டும். இணையத்தில் காணொளி சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. ஆப்பிள் உருவாக்கிய எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டுக்கு ஆறு வினாடி என்பது பரிந்துரை. மூன்று துண்டுகள் பின்தங்கியே ஓட்டத்தைத் தொடங்கினால் பதினெட்டு வினாடி அங்கேயே போய்விடுகிறது. இதற்குமேல் இன்னொரு வேடிக்கை உண்டு: 2011 அக்டோபரில் தொடங்கிய நிண்டெண்டோ டைரக்டும், 2019 மார்ச்சில் தொடங்கிய பிளேஸ்டேஷனின் ஸ்டேட் ஆஃப் ப்ளேயும் முன்கூட்டியே பதிவு செய்து, தொகுத்து, குறித்த மணிக்குத் திறந்துவிடப்படுபவை. நேரலையில் இருப்பவர்கள் நாம் மட்டும்தான். முடிந்துபோன ஒரு படத்தை எல்லோரும் ஒரே சமயத்தில் பார்ப்பதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு எல்லாம்.

4 ஏப்ரல் 2025, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியது காணொளியை ஏளனம் செய்வது போல் ஆகிவிட்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் பார்ப்பது ஒரு சுகம் என்பதை நான் மறுக்கவில்லை. நேற்று அதே நிறுவனம் கேம்களை விளையாடிக் காட்டிய நேரலையில், ஓரத்தில் ஓடிய சேட் முழுவதும் விலையைக் குறைக்கச் சொல்லும் ஒரே வாசகம் அருவி போலக் கொட்டிக்கொண்டிருந்தது. திரையின் நடுவில் இருந்தவர்கள் சிரித்த முகத்தோடு கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிகழ்ச்சியில் நான் விரும்பிப் பார்த்த ஒரே பகுதி, அந்த ஓரத்தில் ஓடிய எழுத்து.

5 ஏப்ரல் 2025

ஏப்ரல் 9ஆம் தேதி தொடங்கவிருந்த அமெரிக்க முன்பதிவு தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. இறக்குமதி வரிகளின் பாதிப்பை ஆராய வேண்டியிருக்கிறதாம். இதற்குக் காணொளி இல்லை, இசை இல்லை, மேடை இல்லை. சில வரி அறிக்கை மட்டுமே. முதல் நாள் மாலை நான் வகுத்த விதியை இங்கே நினைவூட்டிக்கொள்கிறேன்.

9 ஏப்ரல் 2025

டேட்டா செலவைப் பற்றி யாரும் பேசவில்லையே. 720பி தரத்தில் ஒரு நேரலை வினாடிக்கு 4 மெகா என்ற வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 14 ஜிபிக்கு மேல் ஆகிறது. ஒரு விலையையும் ஒரு தேதியையும் தெரிந்துகொள்ள 14 ஜிபி!

10 ஏப்ரல் 2025

நேற்றைய கணக்கு தவறு. வினாடிக்கு 4 மெகாபிட் என்பதை மெகாபைட்டாக எடுத்துக்கொண்டு, எட்டால் வகுக்க மறந்துவிட்டேன். சரியான விடை மணிக்கு 1.8 ஜிபி. இதைச் சுட்டிக்காட்டியவர் கூடவே ஒரு சிரிப்பு எமோஜியையும் போட்டிருக்கிறார். அதற்கு எத்தனை பைட் என்று அவர் கணக்கிட்டாரா தெரியவில்லை.

ஆனாலும் என் வாதம் சாகவில்லை. யூடிஎஃப்-8 குறியீட்டில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்தைப் போல மூன்று மடங்கு. அப்படியிருந்தும் ஆயிரம் சொல் கொண்ட தமிழ்த் தொகுப்பு ஏறத்தாழ 30 கிலோபைட்டில் அடங்கிவிடும். அந்த 1.8 ஜிபியில் இதைப் போல அறுபதாயிரம் தொகுப்புகள் வைக்கலாம்.

நேர்மையாக இதையும் சொல்லிவிட வேண்டும்: நான் வழக்கமாகப் படிக்கும் ஒரு தளத்தில் இந்த 30 கிலோபைட்டைச் சுற்றிலும் விளம்பரங்கள் குவிந்து கிடக்கின்றன, அவற்றுக்கு மேலே கேட்காமலே ஓடத் தொடங்கும் ஒரு காணொளியும் உண்டு. அதை மூடும் பெருக்கல் குறி, விரல் நுனியைவிடச் சிறியது. குறி தவறினால் காணொளி முழுத் திரைக்கு விரிந்துவிடும். காணொளியிலிருந்து தப்பி எழுத்துக்கு ஓடி வந்தால், வாசலில் அதுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

13 ஏப்ரல் 2025

உண்மையான காரணத்தை இவ்வளவு நாள் சொல்லாமல் டேட்டா, தாமதம் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். கேட்டால் பாதிதான் புரியும். மேடையில் ஒருவர் வேகமாகப் பேச, பின்னால் இசை முழங்க, கூட்டம் ஆர்ப்பரிக்க, அவர் சொன்னது பதினைந்தா ஐம்பதா என்று எனக்குள் ஒரு பட்டிமன்றமே நடக்கும். தானியங்கி வசன வரிகளோ கேமின் பெயரை அரைகுறையாகக் கேட்டு, வாய்க்கு வந்ததை எழுதுகின்றன. எழுத்தில் 15 என்றால் 15தான். காது கேளாதவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் எத்தனை மடங்கு என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு எழுத்து ஒரு விருப்பத் தேர்வாக இருக்க முடியாது.

20 ஏப்ரல் 2025

எழுத்தில் வராத ஒன்றைச் சொல்லுங்கள் என்று நான் சவால் விட்டதற்கு, ஒருவர் பிளிஸார்ட் நிறுவனம் 2018 நவம்பரில் நடத்திய பிளிஸ்கான் என்ற ரசிகர் விழாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். பல ஆண்டுகளாகக் கணினியில் டயப்லோ விளையாடி வந்த ரசிகர்கள் நிறைந்த அரங்கில், நிகழ்ச்சியின் உச்சமாக டயப்லோ இம்மார்ட்டல் என்ற கைப்பேசி கேம் அறிவிக்கப்பட்டது. கேள்வி நேரத்தில் கணினிக்கு வருமா என்று கேட்டு, இல்லை என்ற பதில் வந்ததும் கூட்டம் ஊளையிட்டது. மேடையில் இருந்தவர் திகைத்து, "உங்களிடம் கைப்பேசி இல்லையா?" என்று கேட்டார்.

அன்று நான் அதை எழுத்தில்தான் படித்தேன். 'டயப்லோ இம்மார்ட்டல் அறிவிப்பு. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ்' என்று ஒரு வரி. நானும் சரி என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்த அரங்கின் ஊளை, அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் முகம், இவையெல்லாம் பிற்பாடு காணொளியைப் பார்த்தபோதுதான் எனக்குக் கிடைத்தன. அந்த நாளின் செய்தி கேம் அல்ல, கூட்டம். என் எழுத்தாளர் கேமை எழுதினார், கூட்டத்தை எழுதவில்லை. இந்தச் சுற்றில் நான் தோற்றேன்.

21 ஏப்ரல் 2025

இரவெல்லாம் யோசித்துப் பார்த்ததில் முழுத் தோல்வி இல்லை என்று தோன்றுகிறது. 'அரங்கில் ஒருவரும் கைதட்டவில்லை' என்று அவர் மூன்று சொல் எழுதியிருந்தால் போதுமே. அது எழுத்தின் குறையா, எழுதியவரின் குறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

2 மே 2025

பழைய கதை ஒன்று. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் இ3 கண்காட்சியில், சேகா தன் சாட்டர்ன் கன்சோல் 399 டாலர் என்றும் அன்றே கடைகளில் கிடைக்கும் என்றும் அறிவித்தது. பிறகு சோனியின் முறை வந்தபோது, அதன் அமெரிக்கப் பிரிவைச் சேர்ந்த ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பிளேஸ்டேஷனின் விலை அதுதான். முப்பது ஆண்டுகளாக மக்கள் மறக்காத அந்த அறிவிப்பு மூன்று இலக்கம். அதை எழுத்தில் படித்தவருக்கும் நேரில் கேட்டவருக்கும் கிடைத்த செய்தியில் ஒரு குன்றிமணி அளவு வேறுபாடும் இல்லை.

இதற்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய கேம்களை நண்பருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் வரும் என்று ஒரே குழப்பமாக இருந்தபோது, பிளேஸ்டேஷன் 4இல் கேமைப் பகிர்வது எப்படி என்று சோனி ஒரு செய்முறைக் காணொளி வெளியிட்டது. ஒருவர் கேம் பெட்டியை நீட்டுகிறார், பக்கத்தில் நிற்பவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார், முடிந்தது. அரை நிமிடம்கூட இல்லை. இப்போது நான் அதை எழுத்தில் சொல்லிவிட்டேன், நீங்கள் சிரித்தீர்களா? பார்த்தபோது நான் சிரித்தேன். ஆக, குறுகிய காணொளியோடு எனக்குச் சண்டை இல்லை என்பது இன்றுதான் எனக்கே தெரிகிறது.

3 மே 2025

காணொளிக்குள்ளேயே எழுத்தை ஒளித்து வைத்த கதையும் உண்டு. 2018 இ3இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 முன்னோட்டத்தில் கண்ணிமைக்கும் நேரம் ஒரு நீண்ட கடிதம் மின்னி மறைந்தது. ஓட்டத்தைச் சரியான ஃப்ரேமில் நிறுத்தியவர்களுக்கே அதைப் படிக்க முடிந்தது. உலகமே முன்னோட்டத்தைப் பார்த்தது. செய்தி கிடைத்தது நிறுத்திப் படித்தவர்களுக்கு.

9 ஜூன் 2025

இந்த இழையில் இத்தனை நாள் வாய் கிழியப் பேசியதன் விளைவாக, நேற்றைய எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியை நண்பர்கள் ஐவருக்கு நானே எழுத்தில் தர வேண்டியதாயிற்று. ஒருவர் வேலையில், ஒருவர் பயணத்தில், மற்றவர்கள் தூக்கத்தில். "நீதானே எழுத்துதான் உயர்ந்தது என்கிறாய், எழுது" என்றார்கள்.

முதலில் தெரிந்துகொண்டது, முன்னோட்டங்கள் தங்கள் பெயரைக் கடைசியில்தான் சொல்கின்றன என்பது. இருட்டான காடு, மூச்சிரைக்க ஓடும் ஒரு பெண், ஒரு வாள், மறுபடியும் காடு. இதை எப்படி எழுதுவது? 'காட்டில் ஒரு பெண் ஓடுகிறாள்' என்று அனுப்பினேன். 'எந்த கேம்?' என்று கேள்வி வந்தது. 'தெரியவில்லை, இன்னும் ஓடுகிறாள்' என்று பதில் போட்டேன். இறுதியில் பெயர் வரும். அதன் கீழே தேதி. அதற்கும் கீழே எந்தெந்தக் கருவிகளில் கிடைக்கும் என்ற சின்னங்கள் ஒரு வரிசையில். அடியில் எறும்பு ஊர்வது போல நுண்ணெழுத்து. எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வினாடி. விசைப்பலகையைப் பார்க்கத் தலை குனிந்தால் அந்த மூன்று வினாடியும் போயிற்று. நிமிரும்போது அடுத்த காட்டில் அடுத்தவர் ஓடிக்கொண்டிருப்பார்.

அடுத்து, பிழை. ஒரு முன்னோட்டத்தின் முடிவில் 'இன்றே' என்று வந்தது. கேம் இன்றே வெளியாகிவிட்டது என்று அனுப்பினேன். பயணத்தில் இருந்த நண்பர் உடனே கடையில் தேடி, காணவில்லை என்று எழுதினார். பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், இன்றே கிடைப்பது ஒரு சோதனைப் பதிப்பு. கேம் வர மாதங்கள் ஆகும். திருத்தம் அனுப்பினேன். திருத்தம் எழுதிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை நிமிடத்தில் ஒரு சிறிய கேமின் முன்னோட்டம் ஓடி முடிந்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை, அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

கையடக்கக் கருவியான ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் ஆலியின் அறிவிப்பையும், அதில் ஹாலோ நைட்: சில்க்சாங் என்ற கேமை விளையாட முடியும் என்ற தகவலையும் மட்டும் ஒழுங்காகக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். நிகழ்ச்சி முடிந்தபோது கழுத்து வலித்தது. ஒரு முன்னோட்டத்தையாவது முழுதாக அனுபவித்தேனா என்றால் இல்லை.

11 ஜூன் 2025

நான் தவறவிட்ட அந்தச் சிறிய கேம், அந்த ஐவரில் ஒருவர் பல நாட்களாகக் காத்திருந்த கேமாம். இன்றுதான் வேறெங்கோ பார்த்துத் தெரிந்துகொண்டு என்னிடம் கேட்டார். நான் ஒரு வரி எழுதாததால் அந்த அறிவிப்பு இரண்டு நாளாக அவருக்கு நடக்கவே இல்லை. எழுத்து என்று நான் புகழ்ந்துகொண்டிருந்தது எழுத்தை அல்ல. எனக்குப் பதிலாக உட்கார்ந்து, எது செய்தி எது சளசளப்பு என்று முடிவு செய்த யாரோ ஒருவரின் கண்ணையும் கழுத்தையும். பிளிஸ்கான் அன்று கூட்டத்தை எழுதாத அந்த ஆளைப் பற்றி ஏப்ரல் 21ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவரும் ஏதாவது திருத்தம் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

14 ஜூன் 2025

ஆனால் ஒன்றை எழுத்தாலன்றி வேறெதனாலும் தர முடியாது: 'இல்லை' என்ற செய்தி. சில்க்சாங் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த பல நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் அதற்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள். ஒரு கேம் வரவில்லை என்பதைக் காணொளியில் தெரிந்துகொள்ள, அதைக் கடைசி நொடி வரை பார்த்தாக வேண்டும். எழுத்தில் மூன்று சொல் போதும்: 'இன்றும் சில்க்சாங் இல்லை.' இந்த வரியைப் படித்துவிட்டுப் படுத்த இரவுகள் பல. கடந்த ஏப்ரல் டைரக்டில் அது 2025 என்ற எண்ணோடு ஒரு தொகுப்புக்கு நடுவே தலைகாட்டி மறைந்ததையும் யாரோ ஒருவர் எழுதிய வரியில்தான் அறிந்தேன். பார்த்துக்கொண்டிருந்த நண்பர் அப்போது தும்மியதால் தவறவிட்டார். தும்மல் என்பது அவர் சொன்னது.

22 ஆகஸ்ட் 2025

நேற்று சில்க்சாங்குக்கென்றே ஒரு சிறப்பு அறிவிப்பு. இதற்கு மட்டும் விதிவிலக்கு என்று முடிவு செய்து, காணொளியைத் திறந்து, காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு, திரையை முழுதாக விரித்து உட்கார்ந்தேன். ஆறரை ஆண்டுக் காத்திருப்பு. அந்தத் தேதியை இன்னொருவர் எழுதிப் படிக்க மனம் வரவில்லை.

முன்னோட்டம் அருமையாக இருந்தது. கேமின் நாயகி ஹார்னெட் ஊசியை வீசித் தாவும் அந்த வேகத்தை நான் எந்த வரியிலும் படித்திருக்க முடியாது. அதை முழு மனதோடு எழுதுகிறேன். கடைசிக் காட்சி மங்கத் தொடங்கியபோது திரையின் நடுவில் வட்டம் சுழல ஆரம்பித்தது. அது சுழன்றுகொண்டிருக்கும்போதே மேசைமேல் இருந்த கைப்பேசி ஒளிர்ந்தது. ஜூன் மாதம் நான் யாருக்கு எழுதினேனோ அதே ஐவரில் ஒருவரிடமிருந்து ஒரு வரி: 'செப்டம்பர் 4.'

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! மூன்று வினாடி கழித்து வட்டம் நின்று அதே தேதி திரையில் வந்தபோது, எனக்கு அது பழைய செய்தி.

5 செப்டம்பர் 2025

நேற்று சில்க்சாங் வெளியான நேரத்தில் இணையக் கடையின் பக்கம் திறக்கவே இல்லை. பக்கத்தை ஏற்ற முடியவில்லை என்று ஒரே ஒரு வரி, வெள்ளைப் பின்புலத்தில். பல முறை புதுப்பித்து, வெகு நேரம் கழித்து, 19.99 டாலர் கட்டி வாங்கிவிட்டேன். எப்படி இருக்கிறது என்று ஐவரும் கேட்கிறார்கள். முதல் பெரிய எதிரியிடம் ஒன்பது முறை செத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன். காணொளி அனுப்பு என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அனுப்பப் போவதில்லை.